முப்பதுக்கு இருபத்தொன்பது

மார்ச் 4
சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்தார். அறுபது தாண்டியவர்களின் ஞாபகசக்தியை வீடு வீடாகச் சோதிக்கிறார்களாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைய முடியாதவர்களுக்காக மூளை டாக்டரையே இங்கே வரவழைக்கப் போகிறார்களாம். நான் பதினெட்டு பஸ் நம்பரை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். நர்ஸம்மா மிரண்டே போய்விட்டார்!

அடுத்து அக்கா. சாவி, குடை, ஆடு — கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். முழித்தாள். நர்ஸம்மா முதுகுக்குப் பின்னால் நின்று தலையில் இரண்டு விரலை வைத்துக் கொம்பு காட்டினேன். "ஆடு!" குடை, சாவி, தேதி, கிழமை என்று எல்லாக் கேள்விக்கும் இப்படியே அபிநயம். முப்பதுக்கு இருபத்தொன்பது! எங்கள் வம்சத்திலாவது, மறதியாவது!

மார்ச் 5
டீக்கடையில் அது முப்பதுக்கு முப்பது ஆகிவிட்டது. நான் ஆக்கவில்லை, தானாக ஆனது.

மார்ச் 19
அக்கா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எங்கோ போய்விட்டாள். வீடெல்லாம் புகை. பஸ் நிறுத்தத்தில் செருப்பில்லாமல் நின்றிருந்தாள். "வீடு எந்தப் பக்கம்னு தெரியலடா."

மார்ச் 20
அக்கா மகள் சுகாதார நிலையம் போய்விட்டு வந்தாள். "அடுத்த வாரம் டாக்டர் வர்றாராம். பட்டியல்ல அம்மா பேரே இல்ல. இத விட்டா இன்னும் ஆறு மாசம். எப்படி மாமா அம்மா அவ்வளவு மார்க் வாங்குச்சு?"
செருப்பைத் தேடுவதுபோல் வாசலுக்குப் போய்விட்டேன்.

மார்ச் 21
சுகாதார நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் நாலு கதை ஜோடித்தேன். போனதும் ஒன்றும் வரவில்லை. "நான்தாம்மா கொம்பு காட்டினேன்."
நர்ஸம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். பேனாவைக் கீழே வைத்தார். "உங்க தெருவுல மறதிக்காரங்களே இல்லன்னு மேல எழுதிட்டேன் ஐயா. அதான் டாக்டர் அரை நாள்தான் வர்றார். மத்த வீட்லயும் இப்படித்தான் நடந்திருக்குமோ?"

மார்ச் 24
காலையில் அக்காவுக்கு மறுபடி சோதனை. நான் வாசலுக்கு வெளியே. முப்பதுக்குப் பதினொன்று.
பிறகு நர்ஸம்மாவோடு பன்னிரண்டு வீடு ஏறினேன். செய்ததை ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். எதிர்வீட்டுத் தையல்காரர், "என்ன பெரிசு, வம்சம் கவுந்துருச்சா?" என்றார். நாங்கள் படி இறங்கும்போது பின்னாலேயே வந்தார். "நானும் வீட்டுக்காரிக்குச் சொல்லிக்குடுத்தேங்க."

மார்ச் 29
பட்டியல் நீண்டுவிட்டதால் டாக்டர் இரண்டு நாள் இருந்தார். அக்காவை ஒரு மணி நேரம் பார்த்தார். "எப்பலேர்ந்து இப்படி?" போன மாசம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "ரெண்டு வருஷமா டாக்டர்" என்றேன். போனது திரும்பாதாம்; இனிப் போவதை மெதுவாக்கலாமாம். மாத்திரை கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் தையல்காரர், மனைவியின் கையைப் பிடித்தபடி. பெயரைக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. "உள்ள என்ன கேப்பாங்க?"
"எப்பலேர்ந்துன்னு கேப்பாங்க" என்றேன்.