நடுவில் வேகாத கிழங்குப் பை

மார்ச் 3, திங்கள்

மகள் கோபித்துக்கொண்டு போய் இன்றோடு முப்பத்திரண்டு நாள். தோழியின் அறையில் இருக்கிறாள். அம்மாவோடு மட்டும் தினமும் போனில் அரட்டை. நான் பக்கத்தில் வந்தால் "அப்புறம் கூப்பிடறேம்மா" என்று வைத்துவிடுகிறாள். நான் என்ன பூச்சாண்டியா?

நல்ல வங்கி வேலை. அதை விட்டுவிட்டு சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை சுட்டு விற்கப் போகிறாளாம். பை என்றால் தோளில் மாட்டும் பை இல்லை, வெள்ளைக்காரப் பலகாரம்: மைதா மாவில் வட்டமாக ஒரு ஓடு, அதற்குள் மசித்த கிழங்கு, பால், முட்டை, சர்க்கரை. ஓவனில் வைத்து எடுத்தால் முடிந்தது. அவள் இங்கே சுட்ட நாலும் மேலே கரி, நடுவில் கூழ். அதில் ஒன்றைக் காபிக் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினாள், அவர் முகம் சுளித்து அனுப்பிவிட்டார். அன்றைக்கு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கிழங்கு விக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்? அதுவும் உனக்கு வரல" என்றேன். துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கடைக்காரர் இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கிறாராம், இருபதாம் தேதி. தோழியின் ஓவனோ செருப்புப் பெட்டி அளவு. மனைவி கவலைப்பட்டாள். நான் சும்மா இருப்பேனா? "இருபத்தெட்டு வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். இந்தக் கிழங்கை ஒரே நாள்ல செஞ்சு காட்டறேன்."

"செய்ங்க. தோத்தா நீங்கதான் அவளுக்கு முதல்ல போன் பண்ணணும்."

சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

மார்ச் 8, சனி

கிழங்கை வேகவைத்து, தோலுரித்து, மசித்து, பட்டைத்தூள் போட்டு, ஓட்டில் ஊற்றி, மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். மனைவி சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. சிரிக்கட்டும். மட்டம் அச்சு அசலாக இருந்தது.

மேலே கரி. நடுவில் கூழ். ஓடு கல் மாதிரி, கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்.

கிழங்கில் நார் அதிகம். அதுதான் காரணம்.

மார்ச் 9, ஞாயிறு

நாரெல்லாம் சல்லடையில் வடிகட்டினேன். மாவை அதிகம் பிசையாமல் பூப்போலக் கையாண்டேன். வெண்ணெயைக் குளிர வைத்தேன். ஓடு பரவாயில்லை. மற்றபடி அதே கரி, அதே கூழ்.

"போன் சார்ஜ்ல இருக்கு, எடுத்துத் தரவா?" என்றாள் மனைவி.

இவளுக்கு எத்தனை நாள் ஆசையோ.

மார்ச் 11, செவ்வாய்

மூன்றாவது. கரி, கூழ். யாரோடும் பேசும் மனநிலையில் இல்லை.

மார்ச் 12, புதன்

எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் மூன்றாம் மாடியில் ஒரு சாண் மேலே போய் நிற்கிறது. காவலாளி குடியிருப்பவர்களை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார், பட்டனை ஒழுங்காக அமுக்கவில்லை என்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அமுக்குறவங்க மேல ஏங்க பாயறீங்க? யார் அமுக்கினாலும் அதே இடத்துல அதே தப்பு வருதுன்னா, மெஷினைப் பாருங்க."

சொல்லிவிட்டு ஸ்பேனரும் கையுமாக அப்படியே நின்றேன். அவர் பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மோட்டார் சூடு பார்க்கும் மீட்டரை ஓவனுக்குள் விட்டேன். சூடு வைக்கும் திருகியில் 180. மீட்டரில் 228! பின்பக்கத் தகட்டைக் கழற்றினால், சூட்டை அளக்கும் குழல் கிளிப்பிலிருந்து நழுவி, சூடே படாத மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. இன்னும் சூடாகவில்லை, இன்னும் சூடாகவில்லை என்று அது ஏமாந்து எரிய விட்டிருக்கிறது. ஒரு கிளிப். மாட்டினேன். இரண்டு நிமிஷ வேலை.

அவ கேட்டா. ஜனவரில கேட்டா – "அப்பா, ஓவன் சூடு ஜாஸ்தியா இருக்கோன்னு தோணுது, கொஞ்சம் பாருங்களேன்." நான் டிவியிலேர்ந்து கண்ணைக்கூட எடுக்கல. "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் வரல." இப்படியா சொல்வான் ஒருத்தன்? ஊர் மெஷினையெல்லாம் காது கொடுத்துக் கேக்கிறேன். பெத்த பொண்ணு சொன்னதைக் கேக்கல. என்ன ஜென்மம் நான்.

மார்ச் 13, வியாழன்

போன் செய்தேன். துண்டித்தாள். மறுபடி செய்தேன். மறுபடி துண்டித்தாள். அழுத்தக்காரி. யார் பெண்?

எனக்குக் கடிதம் எழுத வராது. எழுத வருவது ஒன்றுதான். கம்பெனி பழுது அறிக்கைத் தாளை எடுத்தேன். புகார்: நான்கு பைகள் மேலே கருகின, நடுவில் வேகவில்லை. காரணம்: ஓவன் 48 டிகிரி அதிகச் சூடு. இயக்கியவர் மீது தவறு: இல்லை. கோளாறை இயக்கியவர் முன்பே சரியாகக் கண்டுபிடித்துத் தெரிவித்துள்ளார். உரிமையாளர் அலட்சியம் செய்ததோடு, இயக்கியவரை மனம் நோகப் பேசியும் உள்ளார். தற்போதைய நிலை: ஓவன் சரிசெய்யப்பட்டது. உரிமையாளர் இன்னும் சரியாகவில்லை.

படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு வரி: "கையெழுத்து எங்க?"

போட்டு அனுப்பினேன்.

மார்ச் 16, ஞாயிறு

வந்தாள். என்னைப் பார்க்காமல் நேரே ஓவனிடம் போனாள். இளைத்திருக்கிறாள்.

"இந்தக் கிளிப்பா?"

"இதேதான்."

"எவ்வளவு நேர வேலை?"

"ரெண்டு நிமிஷம்." பொய் சொல்ல வாய் வரவில்லை. "தப்பு என்னோடதும்மா. மன்னிச்சுடு."

நான் சுட்டு வைத்திருந்த நாலாவதில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். "உப்பு எங்கப்பா?" என்றாள்.

மறந்தே போய்விட்டேன். மனைவி சமையலறையை விட்டு வெளியே போய், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, கேட்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

விடியற்காலையில் இங்கேயே சுட்டு எடுத்துப் போனாள். தட்டை ஆட்டினால் நடுப்பகுதி லேசாகத் தளும்பி நின்றது. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். கடைக்காரர் ஒரு துண்டு சாப்பிட்டு, பேசாமல் இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டாராம். வாரம் எட்டு வேண்டுமென்று சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவள் இன்னும் தோழியின் அறையில்தான் இருக்கிறாள். "அப்படியே இருக்கட்டும்பா, எனக்கு அது பிடிச்சிருக்கு" என்றாள். சனி, ஞாயிறு மட்டும் இங்கே வந்து சுடுகிறாள். வருத்தம்தான். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

இந்த வாரம் பன்னிரண்டு. எனக்குத் தோலுரிக்கும் வேலை. ஓடு தட்டவும் விடேன் என்று கெஞ்சினேன். என் கையைத் தொட்டுப் பார்த்தாள். "உங்க கை ரொம்பச் சூடுப்பா, வெண்ணெய் உருகிடும். பரவாயில்ல, பத்து நிமிஷம் ஐஸ் தண்ணியில வெச்சுட்டு வாங்க. சொல்லித்தரேன்."

இடது கை கிண்ணத்தில் விறைத்துக்கொண்டிருக்கிறது. வலது கையால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பார்த்துவிட்டாள்.

"அப்பா! அந்தக் கையும்!"