பாறை மேல் உன் மனைவி

அன்பு மகனே,

விடுமுறைக்கு எடுத்த வீடு சுத்தமாக இருக்கிறது, கரண்டிகள்தான் சகிக்கவில்லை. நீ வராததால் நானும் உன் மனைவியும் மட்டுமே இருக்கிறோம்.

காலையில் அவள் இடுப்பில் ஒரு கூடையைக் கட்டிக்கொண்டு கடலோரப் பாறைக்கு மீன் பிடிக்கப் போகிறாள். இழுத்த தூண்டில் நூல் பாறையில் சிக்காமல் அதில் விழும். இறகு சுற்றிய முள்ளை, எதிர்க்காற்றிலும், நினைத்த அலையில் கொண்டுபோய் வைக்கிறாள். மடத்துப் பள்ளியில் எங்கள் சிஸ்டர் கரும்பலகையில் போட்ட கோட்டில்கூட அந்த நேர்த்தி இருந்ததில்லை. நான் யாரையும் எளிதில் மெச்சுகிறவள் அல்ல.

நேற்று தூண்டிலை என்னிடம் கொடுத்தாள். மீன் கடித்ததும் கோலை வெடுக்கென்று தூக்கிவிட்டேன்.

"ஐயோ அத்தை, தூக்காதீங்க! கோல் கீழயே இருக்கணும், நூலைத்தான் கையால இழுக்கணும்!"

மீன் போய்விட்டது.

"போனா போகட்டும். உங்க புள்ளை இதைவிட மோசம். மீன் கடிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் தூக்கிட்டுக் கிளம்பிடுவார்" என்றாள். இருவரும் சிரித்தோம். பிறகு கடலைப் பார்த்தபடியே, "ஞாயித்துக்கிழமையாவது வருவாரா அத்தை?" என்று கேட்டாள்.

அவளைப் பிரியப்போவதாகத் தொலைபேசியில் சொன்னாய். அதை நானே பக்குவமாக அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றாய். நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். "வருவான்" என்றுதான் சொன்னேன்.

ஆகவே வா. அவள் தூண்டில் வீசுவதை ஒருமுறை நின்று பார். அப்புறமும் உனக்கு வாய் வந்தால், அவள் முகத்தைப் பார்த்து நீயே சொல். வழுக்காத செருப்பாகப் போட்டுக்கொண்டு வா.

நீ என்ன சொன்னாலும், ஊருக்கு நான் அவள் காரில்தான் திரும்புவேன்.

உன் அம்மா