ஹார்டு டிஸ்க்கில் கிடைத்த படம்

மஸ்கட்

அன்புள்ள அப்பாவுக்கு, ஜாஸ்மின் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? ஸ்ரீவில்லிபுத்தூரில் மழை உண்டா? நான் சுகமாக இருக்கிறேன்.

போன வாரம் நடந்ததைப் போனில் சொன்னால் என் குரலைக் கேட்டே பயந்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். பென் டிரைவ் என்று நினைத்து ஆபீஸ் ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டேன். மூன்று வருட ஃபைல்களையும் காணோம். கிடைக்காவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான் என்றார் மேனேஜர்.

சரிசெய்ய வந்த அஃப்சல் நம் வத்திராயிருப்புக்காரர். "ஏங்க்கா அழுதிய? ஃபைல் அம்புட்டும் டிஸ்க்குலதான் கெடக்கு. எது எங்க இருக்குன்னு குறிச்சு வச்ச பட்டியல்தான் போச்சு. அதுமேல புதுசா எதையும் ஏத்திராதிய" என்றார். இரண்டே நாளில் மீட்டுவிட்டார். பட்டியல் இல்லாததால் எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து நானே பெயர் வைத்தேன். வேலைக்கு ஆபத்தில்லை.

ஆபீஸ் டிஸ்க்கில் சொந்தப் படம் இருக்கக்கூடாதென்று நான் எப்போதோ அழித்த படம் ஒன்றும் கூடவே வந்துவிட்டது. நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் பெலிக்ஸ் அண்ணன் எடுத்தது. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பி, துண்டால் கண்ணைத் துடைக்கிறீர்கள். அன்று பஸ்ஸில் இடம் பிடிக்கிற அவசரத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

மேனேஜர் கூப்பிடுகிறார். ராஜபாளையத்திலிருந்து பெலிக்ஸ் அண்ணன் வந்தால் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்தத் தடவை என்னைப் பார்த்து நில்லுங்கள், அப்பா.

ஜாஸ்மின்