வரப்பில் நிற்கும் அம்மா

மாமாவுக்குச் செந்தாமரை எழுதுவது. குவைத்தில் எனக்கு ஒரு குறையுமில்லை. உங்கள் கால் வீக்கம் வற்றியதா?

நம் மகன் நெடுமாறன் சாவதற்கு முன் செய்த வீடியோ கேமைப் பற்றி யூடியூபில் ஒருவர் பேசினார். "வயலு, வாய்க்காலெல்லாம் அழகுங்க. ஆனா வரப்புல நின்னு ஒரு அம்மா 'கஞ்சி குடிக்க வாடா'ன்னு கத்தியே உயிரை வாங்குது" என்றார். என் குரல்தான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதனால் அந்த அம்மாவையே கேமிலிருந்து எடுத்துவிடப் போவதாக நெடுமாறனின் கூட்டாளி அறிவுமதி சொல்கிறான். யூடியூபில் பேசிய மனிதர் விளையாடும்போது வரப்புக்குக் கிட்டே போகவேயில்லை, மாமா. போயிருந்தால் "தோ வர்றேம்மா" என்று நம் பிள்ளை பதில் சொல்லியிருப்பான். அவன் குரல் நமக்கு வேறெங்கும் இல்லை.

அறிவுமதியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கிருந்து லீவில் ஊருக்கு வரும் நூர்ஜஹான் அக்காவிடம் நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். அது மெதுவாக வந்தால் போதும். முதலில் அறிவுமதி வீட்டுக்குப் போங்கள்.