வடக்கு எல்லை

நாலின் ஊர், குவாங்ஷி

அன்புள்ள ஹியென் அக்காவுக்கு,

தங்கை தோவா வணக்கத்துடன் எழுதுவது. நானும் குழந்தையும் நலம். அம்மாவுக்கு மூச்சுவாங்குவது அதிகமாகிவிட்டது, உடனே புறப்பட்டு வா என்று நீ எழுதியது கிடைத்தது. எல்லையைத் தாண்டினால் ஒரு பகல் வழிதான். நான் ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோபப்படாமல் படி.

என் கணவர் இறந்தபின் எனக்கும் குழந்தைக்கும் மிஞ்சியது ஆற்றோரத்து வயல் ஒன்றுதான். இப்போது ஊரில் நிலம் அளந்து பெயர் பதிகிறார்கள். வயலுக்கு உரியவர் வரப்பில் நின்று எல்லைகளை வாயால் சொல்ல வேண்டும், பக்கத்து வயல்காரர்கள் ‘ஆமாம்’ சொல்ல வேண்டும். அதுதான் இங்கே வழக்கம். உரியவர் வாய் திறக்காவிட்டால் அந்த வீட்டு ஆண் ஒருவர் சொல்லலாம். வயலும் அவர் பெயரில் ஏறிவிடும். என் கணவரின் அண்ணன் அதற்குத்தான் காத்திருந்தார். வியட்நாம்காரிக்கு அடுப்படிச் சீனம் தவிர என்ன தெரியும் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அது பொய்யுமில்லை. உப்பு, எண்ணெய் கேட்பேனே தவிர நிலத்துப் பேச்சு எனக்கு வராது. தண்ணீர் நிற்கும் வயல் ‘தியென்’, மேட்டு நிலம் ‘தி’, வரப்பு ‘தியென்கெங்’ என்று களை பறித்துக்கொண்டே சொல்லித் தந்தவள் மேற்கு வயல்காரி மெய்லியென். “நீ வரப்புன்னு சொல்றதக் கேட்டா எருமைகூட வயல விட்டு ஓடிரும்டி” என்பாள். நான் அவசரப்பட்டால், நாற்றைப் பிடித்து இழுத்து வளர்க்கிறவள் என்று கேலி செய்வாள். இங்கே அப்படித்தான் சொல்வார்கள். விரலளவு மண்ணுக்கும் மல்லுக்கு நிற்பதை நாலே அசையில் ‘ட்சுன் தூ பீ ஜெங்’ என்பார்கள். அதைத்தான் சட்டி கழுவும்போதெல்லாம் முணுமுணுத்துப் பழகினேன்.

நேற்று அளக்க வந்தார்கள். கிழக்கே ஹுவாங் வயல், தெற்கே ஆறு, மேற்கே மெய்லியென் வயல் என்று தடுமாறாமல் சொல்லிவிட்டேன். வடக்கே இருப்பது கணவரின் அண்ணன் வயல். அவர் பெயரைத் தம்பி மனைவி சொல்லக் கூடாது என்பதால் ‘பெரியவர் வயல்’ என்றேன். அளக்க வந்தவர், பெயர் சொன்னால்தான் எழுத முடியும் என்றார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவர் ஓரடி முன்னால் வந்தார். “அவளுக்கு நாக்கு புரளாது. நான் சொல்றேன், எழுதிக்கங்க” என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ தெரியவில்லை.

“வடக்கே லூ ஷிச்சாங் வயல். அதுவும் பழைய வரப்பு வரைக்கும்தான். போன மழையில இவரு வெட்டித் தள்ளிப்போட்ட வரப்பு எல்லை இல்ல” என்றேன். அதோடு விடாமல் அந்த நாலு அசையையும் சொன்னேன்.

கூட்டத்தில் நின்ற மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹுவாங்கும் மெய்லியெனும் ‘ஆமாம்’ சொன்னார்கள். பெரியவர் மட்டும், தன் பெயரைச் சொன்ன வாய்க்குப் பதில் கிடையாது என்று போய்விட்டார். ஆகவே வடக்கு இன்னும் எழுதப்படவில்லை. அடுத்த வாரம் மறுபடி வருவார்களாம், எந்த நாள் என்று சொல்லவில்லை. அன்று நான் வரப்பில் இல்லாவிட்டால் அவர் சொல்வதுதான் எல்லை, அவர் பெயர்தான் வயலுக்கு. நீ போ, நான் நிற்கிறேன் என்கிறாள் மெய்லியென். ஆனால் பக்கத்து வயல்காரி உரியவளுக்காக நிற்க முடியாது.

இன்று காலை பெரியவர் மண்வெட்டியோடு வரப்புக்கு வந்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போய் எதிரே நின்றேன். வெயில் ஏறும்வரை நான் நகரவில்லை. பிறகுதான் அவர் போனார். பயமாகத்தான் இருக்கிறது அக்கா.

அம்மா விழித்திருக்கும்போதெல்லாம் வாசலையே பார்ப்பதாக எழுதியிருந்தாய். கஞ்சியை ஆறவைத்து ஊட்டு. கால் மரத்துப்போகும், தேய்த்துவிடு. நான் எங்கே என்று கேட்டால், கிளம்பிவிட்டாள், வழியில் வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல். மறுநாள் கேட்டாலும் அதையே சொல்.

நம் முன்னோர் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

உன் தங்கை,
தோவா