இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள்

கோலசிலாங்கூர், 1956

அன்புள்ள ஜெய்புன்னிசாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நீயும் நம் பிள்ளைகளும் சுகம்தானே? உம்மாவின் முழங்கால் வலி எப்படி?

யாராவது சொல்லி நீ பதறுமுன் நானே எழுதுகிறேன். போன வாரம் கடையில் ரொட்டி மாவு பிசையும்போது நெஞ்சு அடைத்து விழுந்துவிட்டேன். ஊரடங்கு வேறு. முதலாளி மீரா சாகிபு காக்கா போலீசைக் கெஞ்சி, அவர்கள் லோரியிலேயே கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கம்யூனிஸ்டுக்காரன் சுடுகிற ரோடு அது. நானோ வழியெல்லாம், "ஜெய்புன்னிசாவைப் பாத்துக்குங்க காக்கா" என்று கத்தியிருக்கிறேன்.

இதயம் கெட்டிருந்தால் ரத்தத்திலேயே தெரியுமாம், புதுச் சோதனை. மறுநாளும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹார்ட்டுல ஒன்னும் இல்ல லா, வெறும் வாயு" என்று டாக்டருக்குத் துணையாக இருக்கும் டிரெசர் சிரித்தார். காக்கா அழுதுவிட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அதைவிட வெட்கம் ஒன்று உண்டு. நோய் என்றால் ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று படுக்கையில் கிடந்து நினைத்திருந்தேன். ஒன்றுமில்லை என்றதும் என் முகம் வாடியதைக் காக்கா பார்த்துவிட்டார். கடைக்கு வந்ததும், "வீட்டுக்கு எழுதிப் போடு" என்று இந்தத் தாளைத் தந்தார்.

யாராவது கப்பலேறினால் கொஞ்சம் ஓமம் கொடுத்தனுப்பு. நீயே வறுத்துக் கொடு. அடுப்பு எரிகிறது, போகிறேன்.

ஜக்கரியா