வெள்ளைப் பூ வந்துவிட்டது

இன்று காலை குதிரைமசால் பாத்தியில் ஒரு செடி வெள்ளையாகப் பூத்திருந்தது. ஊதாப் பூக்களுக்கு நடுவே அது ஒன்றுதான். குனிந்து பார்த்தேன். மகிழ்ச்சி வருமென்று சற்று நின்றேன், வரவில்லை. அறுத்துப் போட்ட தழையின் பச்சை வாடை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

மேட்டூரில் அணை எழும்பத் தொடங்கிய வருடம், ராசிபுரத்துக்குப் பக்கத்து மாட்டுப் பண்ணையில் நாம் இருவரும் தீவனத்துக்கான குதிரைமசாலை ஒட்டுச் சேர்த்தோம். வெள்ளைப் பூச் செடி கோடை தாங்கும். ஊதாப் பூச் செடி தழைத்து வளரும். இரண்டு குணமும் ஒன்றாக வேண்டும் என்பது உங்கள் ஆசை. சேர்த்த விதை வளர்ந்து பூத்தபோது எல்லாமே ஊதா. தேனீ வேறு மகரந்தம் கொண்டுவந்து கெடுத்துவிட்டது என்று சொல்லி, பண்ணைத் துரை பாத்தியை உழச் சொன்னார்.

"வெள்ளை எங்கயும் போகலீங்க. உள்ளதான் இருக்குது. பேரப்புள்ளைக பூக்கறப்ப பாருங்க" என்றீர்கள். அதுவரை பொறுக்கத் துரை சம்மதித்தார்.

தேனீ நுழையாதபடி, உங்கள் வெண்ணந்தூர்த் தறியில் நெய்த மெல்லிய துணியில் பை தைத்துப் பூங்கொத்துகளில் கட்டினோம். ஒன்றும் காய் பிடிக்கவில்லை. தேனீ வந்து அழுத்தினால்தான் மசால் பூவின் உள்தண்டு விசுக்கென்று நிமிரும், காயும் பிடிக்கும். காவல் போடும் மும்முரத்தில் இருவருமே அதை மறந்திருந்தோம்.

"மாப்பிள்ளைய வெளிய நிறுத்திப்போட்டுக் கலியாணம் பண்ணப் பாத்திருக்கறமுங்க" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் மாடுகள் திரும்பிப் பார்த்தன.

மறு பூப்பில் பையை அவிழ்த்து ஒவ்வொரு பூவையும் கட்டைவிரலால் அழுத்தி, மறுபடி கட்டினோம். காய்த்தது. அந்த விதை முளைத்த வாரத்தில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

மதியம் வெண்ணந்தூர் போய் உங்கள் வீட்டம்மாவிடம் சொன்னேன்.

"வெள்ளையாவே பூத்துதுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப உழ மாட்டாங்க."

"மாட்டாங்க."

தறிக்குத் தார் நூல் சுற்றும் கையை அவர் நிறுத்தவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. உங்களை மண்ணில் வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து மரத்துப்போய்த்தான் திரிகிறேன்.

திரும்பி வந்து அந்தச் செடிக்குப் பை கட்டப் போனேன். கட்டுமுன் பழக்கத்தில் ஒரு பூவை அழுத்தினேன். தண்டு நிமிர்ந்து என் கட்டைவிரலில் தட்டியது. மரத்துப்போன எனக்கு அந்தத் தட்டு மட்டும் தெரிந்தது.